பறங்கிப் புண் முதல் நம்பிக்கை மையம் வரை

ஒரு நோய்க்கு எத்தனை பெயர்கள் இருக்க முடியும்? சிபிலிஸ் என்ற பால்வினை நோயைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட நாட்டுக்கு ஒரு பெயர்! இத்தாலிக்காரர்கள் அதை 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'நேப்பிள்ஸ் நோய்' என்று இத்தாலி பக்கமே தள்ளிவிட்டார்கள். ரஷ்யர்களுக்கு அது 'போலந்து நோய்'. துருக்கியர்களுக்கு 'கிறிஸ்தவர்களின் நோய்'.

நம் ஊர் மட்டும் சளைத்ததா என்ன? கடல் வழியாக வந்த ஐரோப்பியர்களைப் பறங்கியர் என்று அழைத்த தமிழர்கள், அவர்கள் வந்த பிறகு பரவிய இந்த நோய்க்கு 'பறங்கிப் புண்' என்று பெயர் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' என்ற வடமொழி மருத்துவ நூலும் இதை 'பிரங்க ரோகம்' என்றே குறிப்பிடுகிறது. அதற்கு மருந்தாகப் பயன்பட்ட ஒரு கிழங்கு இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் 'பறங்கிப்பட்டை' என்ற பெயரில் கிடைக்கிறது.

இத்தனை பெயர்களிலும் ஒரே ஒரு பொதுவான விஷயம்தான் உண்டு. நோய் எப்போதும் அடுத்தவனிடமிருந்து வந்தது, அடுத்தவனுக்குத்தான் வரும்! 500 வருடங்களாக மாறாத இந்த நினைப்புதான் பால்வினை நோய்களின் மிகப் பெரிய பலம். மருந்து வந்துவிட்டது, சோதனையும் வந்துவிட்டது. ஆனாலும் சோதனைக்குப் போக மனிதர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சோதனை என்ற பெயரில் கடந்த காலத்தில் என்னவெல்லாம் நடந்தது என்பதும் தெரியவரும்.

கண்ணாமூச்சி ஆடும் நோய்

1495ஆம் ஆண்டு. பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தைப் பிடித்தது. அந்தப் படைவீரர்களிடையே உடம்பெல்லாம் கொப்புளங்களுடன் ஒரு புதிய நோய் பரவியது. படை கலைந்து வீரர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியபோது, நோயும் அவர்களோடு ஐரோப்பா முழுவதும் போய்ச் சேர்ந்தது. 1530இல் ஜிரோலமோ ஃப்ரகாஸ்டோரோ என்ற இத்தாலிய மருத்துவர் இதைப் பற்றி லத்தீனில் ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதில் வரும் ஆடு மேய்ப்பவனின் பெயர் சிபிலஸ். நோய்க்கு இன்றைய பெயர் கிடைத்தது அங்கிருந்துதான்.

இந்த நோயின் தந்திரம் என்ன தெரியுமா? முதலில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. சில வாரங்களில், எந்த மருந்தும் போடாமலேயே ஆறிவிடும்! பிறகு உடம்பில் தடிப்புகள் வரும், அதுவும் மறைந்துவிடும். அதன் பிறகு பல வருடங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் கிருமி உள்ளேயேதான் இருக்கும். சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்கு, பத்து இருபது வருடம் கழித்துகூட, இதயத்தையோ மூளையையோ அது தாக்கும்.

அந்தக் காலத்தில் இதற்குப் பாதரசம்தான் வைத்தியம். பல் கொட்டும், வாய் புண்ணாகும். ஆனாலும் புண் தானாக ஆறியபோது பாதரசத்தால்தான் ஆறியது என்று வைத்தியரும் நம்பினார், நோயாளியும் நம்பினார். 'அறிகுறி போய்விட்டால் நோய் போய்விட்டது' என்ற தப்புக்கணக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

மருத்துவர்களுக்கே இது பெரிய குழப்பம்தான். கொனோரியா எனப்படும் வெட்டை நோயும் சிபிலிஸும் ஒன்றா, வேறு வேறா? 18ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய அறுவை மருத்துவர்களில் ஒருவரான ஜான் ஹன்டரே இரண்டும் ஒன்று என்றுதான் நம்பினார். இரண்டும் வேறு என்று 1838இல் ஃபிலிப் ரிகோர் தெளிவாகக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கதை வேகம் எடுக்கிறது. 1879இல் ஆல்பர்ட் நைசர் வெட்டை நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1905இல் பெர்லினில் ஷௌடின், ஹாஃப்மன் ஆகிய இருவரும் சிபிலிஸின் கிருமியைக் கண்டார்கள். சுருள் கம்பி போன்ற வடிவம் அதற்கு.

அடுத்த வருடமே, அதாவது 1906இல், ஆகஸ்ட் வான் வாசர்மன் தன் சகாக்களுடன் சேர்ந்து சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். புண் இல்லை, தடிப்பு இல்லை, ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார், ஆனாலும் ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும்! கண்ணாமூச்சி ஆடிய நோயை முதன்முறையாகப் பிடிக்க முடிந்தது. சில சமயம் வேறு நோய் இருப்பவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டியது என்பது அந்தச் சோதனையின் குறை. இன்றும் விடிஆர்எல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் வேறொரு சோதனை செய்து உறுதிப்படுத்துவது இதனால்தான்.

1910இல் பால் எர்லிக், சஹாச்சிரோ ஹடா ஆகியோரின் '606' எனப்படும் சால்வர்சான் மருந்து வந்தது. 1943இல் அமெரிக்காவில் ஜான் மஹோனி பென்சிலின் கொடுத்து சிபிலிஸ் நோயாளிகள் நால்வரைக் குணப்படுத்தினார். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் உலகத்தை ஆட்டிப்படைத்த நோய், ஊசி மருந்துக்கு அடங்கியது.

அப்படியானால் கதை முடிந்துவிட்டதா? இல்லை. சோதனை செய்து கொண்டவருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

சோதனையா, தண்டனையா?

வாசர்மன் சோதனை வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தியாவில் 'சோதனை' நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேய ராணுவத்தில் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய்கள் அதிகம். சண்டை இல்லாத காலத்திலும் ஏராளமான சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இதற்கு அரசு கண்டுபிடித்த வழி என்ன? சிப்பாய்களை விட்டுவிட்டுப் பெண்களைப் பிடிப்பது!

மதராஸ் மாகாணம் உட்பட, ராணுவம் தங்கியிருந்த இடங்களில் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற ஆஸ்பத்திரிகள் இருந்தன. பாலியல் தொழில் செய்வதாகக் கருதப்பட்ட பெண்களுக்கு நோய் இருந்தால் அங்கே அடைத்து வைப்பார்கள். 1864இல் கண்டோன்மென்ட் சட்டமும், 1868இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டமும் வந்தன. பெண்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் வந்து உடலைக் காட்ட வேண்டும், நோய் என்றால் ஆஸ்பத்திரியில் அடைபட வேண்டும். வராவிட்டால் தண்டனை. அந்தப் பெண்ணுக்கு நோயைக் கொடுத்த ஆணுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

விளைவு என்ன? பெண்கள் பதிவு செய்யாமல் மறைந்தார்கள். ஊரை விட்டு ஓடினார்கள். கண்ணால் பார்த்து மட்டும் சொல்லும் சோதனையில் மறைந்திருக்கும் சிபிலிஸ் தெரியவும் தெரியாது. எதிர்பார்த்தபடி சிப்பாய்களிடையே நோய் குறையவில்லை. இங்கிலாந்தில் இதே போன்ற சட்டத்தை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் தலைமையில் பெண்கள் நீண்ட காலம் போராடினார்கள். அங்கே 1886இலும் இந்தியாவில் 1888இலும் சட்டங்கள் நீக்கப்பட்டன.

அதே இங்கிலாந்து, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வேறு வழியில் போனது. ராயல் கமிஷன் ஒன்றின் பரிந்துரைப்படி நாடு முழுவதும் இலவசப் பால்வினை நோய் மருத்துவமனைகள் அமைக்கப்பட்டன. யாரும் போகலாம், ரகசியம் காக்கப்படும், பணம் வேண்டாம். அடைத்து வைப்பதற்குப் பதிலாகக் கதவைத் திறந்து வைத்தார்கள். மக்களும் தாங்களாகவே வந்தார்கள்.

முடிவைச் சொல்லாத சோதனை

கட்டாயப்படுத்துவது ஒரு தவறு என்றால், சோதனை முடிவை மறைப்பது அதைவிடப் பெரிய தவறு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில் 1932இல் அரசின் பொது சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களும், சிபிலிஸ் இல்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஏழை விவசாயிகள். 'உங்களுக்குக் கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். உண்மையான நோய் என்ன என்று சொல்லவில்லை. சிகிச்சை கொடுக்காவிட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கம்!

1940களின் இறுதிக்குள் பென்சிலின் தாராளமாகக் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. 1972இல் பீட்டர் பக்ஸ்டன் என்ற முன்னாள் ஊழியர் மூலம் விஷயம் பத்திரிகைக்கு வந்த பிறகுதான் ஆய்வு நின்றது. நாற்பது வருடங்கள்! 1997இல் அதிபர் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பரிசோதனைக்கு முன் விளக்கம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற விதிகள் உறுதியானதற்கு இந்தக் கொடுமை ஒரு முக்கியக் காரணம்.

சென்னை, 1986

1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வெளியானது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அதன் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் ரத்தப் பரிசோதனை வந்தது. அப்போது இந்தியாவில் பலரும் சொன்னது, 'அது வெள்ளைக்காரன் நோய், நம் கலாச்சாரத்துக்கு இங்கே வராது' என்பதுதான். பறங்கிப் புண் கதை திரும்பவும்!

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. தன் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலா சிறிய ஊரிலிருந்து வந்தவர், குழந்தைகளுக்குத் தாய். முதலில் தயங்கினார். கணவர் ஊக்கம் கொடுத்தார். பிடிபட்டு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் போய் ரத்த மாதிரிகள் எடுத்தார். போதிய வசதி இல்லாததால் அவற்றை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்ததும் உண்டு. சென்னையில் அந்தச் சோதனை செய்ய இடமில்லாமல், 1986 பிப்ரவரியில் மாதிரிகளை வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு எடுத்துப் போனார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ்! பிறகு அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்யப்பட்டது. எச்.ஐ.வி. இந்தியாவில் இருப்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரிய வந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ஹெச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை இது பெரிய சாதனை. வருவதற்கு முன்பே தேடியதால்தான் நாடு விழித்துக்கொண்டது. ஆனால் சோதனைக்கு முன் ஆலோசனை, ஒப்புதல் போன்ற எச்.ஐ.வி.க்கான நடைமுறைகள் இந்தியாவில் அப்போது உருவாகியிருக்கவில்லை. பாசிட்டிவ் என்றால் அந்த மனிதரை என்ன செய்வது என்பதும் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பயம் புகுந்தது. பழைய லாக் ஹாஸ்பிடல் வேறு பெயரில் திரும்பி வந்தது.

1989இல் கோவாவைச் சேர்ந்த டோமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்தவர். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. போலீஸ் அவரை அழைத்துப்போனது. கோவாவின் பொது சுகாதாரச் சட்டத்தின்படி, பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டிடம் ஒன்றில் தனியாக அடைத்து வைக்கப்பட்டார். 64 நாட்கள்! நீதிமன்றம் போய்த்தான் வெளியே வர முடிந்தது. 1992இல் அவர் இறந்தார்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்பதற்காகவே, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பெண்கள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குத் தொடர, 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது.

யோசித்துப் பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் பூட்டி வைப்பார்கள் என்று தெரிந்தால், எவர்தான் தானாக வந்து கையை நீட்டுவார்?

கதவு திறந்தது

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். 2015இல் அவர் மறைந்த பிறகு, 2017இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். கிண்டலோ கேலியோ, மக்கள் முதல் முறையாக டீக்கடையில் இதைப் பற்றிப் பேசினார்கள்.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கியது. முதல் இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இதுதான் பெரிய திருப்பம். அதுவரை சோதனைக்குப் போனால் கிடைப்பது கெட்ட செய்தி மட்டும். அதன் பிறகு கெட்ட செய்தியோடு மருந்தும் கிடைத்தது! தமிழ்நாட்டில் அரசின் சோதனை மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்றே பெயர். அங்கே ஆலோசனையும் சோதனையும் இலவசம், ரகசியம் காக்கப்படும்.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் இதை உரிமையாகவே ஆக்கியது. பொதுவாக ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் சோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, வேலை தருவதற்கு நிபந்தனையாகச் சோதனை கேட்கக்கூடாது.

திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் சோதித்துச் சிகிச்சை கொடுத்ததால், தாயிடமிருந்து குழந்தைக்கு இவை பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது.

எப்போது சோதனை செய்ய வேண்டும்?

இந்த வரலாறு சொல்லும் முதல் பாடம், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது. உலகில் தினமும் 10 லட்சம் பேருக்கு மேல், குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்று புதிதாக ஏற்படுவதாகவும், பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் குணமாகும். கிளமிடியாவைக் கவனிக்காமல் விட்டால் பெண்களுக்குக் குழந்தைப்பேறே பாதிக்கப்படலாம்.

சோதனை செய்துகொள்ள வேண்டிய சமயங்கள் இவை:

- பிறப்புறுப்பில் புண், கட்டி, வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல் அல்லது சீழ், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் உடனே. தானாக ஆறினாலும் போக வேண்டும்.
- ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், அல்லது ஆணுறை கிழிந்திருந்தால்.
- புதிய துணையுடன் உறவு தொடங்கும்போதும், திருமணத்துக்கு முன்பும். இரண்டு பேரும்!
- துணைக்குத் தொற்று என்று தெரிந்தால். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் திரும்பத் தொற்றிக்கொள்ளும்.
- கர்ப்பம் உறுதியானதும், முதல் மூன்று மாதங்களுக்குள்.
- ஊசியை மற்றவருடன் பகிர்ந்திருந்தால்.
- ஒன்றுக்கு மேற்பட்ட துணைகள் இருந்தால், குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை.

இன்னொரு முக்கியமான விஷயம், நேரம். கிருமி உள்ளே போன மறுநாளே சோதனையில் தெரியாது. இந்த இடைவெளிக்கு 'விண்டோ பீரியட்' என்று பெயர். கொனோரியா, கிளமிடியாவுக்குச் சுமார் இரண்டு வாரம். எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை சோதனையில் பெரும்பாலும் ஆறரை வாரத்துக்குள் தெரிந்துவிடும். விரல் நுனியில் ரத்தம் எடுக்கும் சோதனையானால் மூன்று மாதம் கழித்து மறுபடி செய்வது நல்லது. சிபிலிஸுக்கும் அதே மூன்று மாதக் கணக்குதான். சீக்கிரம் செய்த சோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் அது முடிந்த முடிவு இல்லை.

ஆனால் எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பயம் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால், 28 நாட்கள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சோதனைக்கு வழியாக ரத்த தானத்தைப் பயன்படுத்துவதும் தவறு. விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் இன்னொரு நோயாளிக்குப் போய்விடக் கூடும்.

பாசிட்டிவ் வந்தால்? சிபிலிஸ் இன்றும் பென்சிலினுக்குக் கட்டுப்படுகிறது. எச்.ஐ.வி.க்கு முழுக் குணம் இல்லை, ஆனால் தினமும் மாத்திரை எடுப்பவர் வழக்கமான ஆயுளோடு வாழ முடியும். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவுவதில்லை என்பதும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசியே உண்டு. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களைக் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, பெயர் சொல்லத் தேவையில்லை.

ஒரு கம்பெனியின் கணக்கை வருடா வருடம் தணிக்கை செய்வது, அங்கே யாரோ திருடிவிட்டார்கள் என்பதற்காக அல்ல. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான், அது நடத்தைச் சான்றிதழ் அல்ல.

பயமுறுத்திய இடத்தில் மனிதர்கள் ஒளிந்துகொண்டார்கள், நோய் பரவியது. ரகசியம் காத்து மருந்து கொடுத்த இடத்தில் மனிதர்கள் வந்தார்கள், நோய் குறைந்தது. 1868இன் சட்டம் ஒழிந்துவிட்டது. ஆனால் நண்பன் ஒருவன் சோதனைக்குப் போகிறான் என்று தெரிந்தால் அவனைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சிரிக்காமல் கூடத் துணைக்குப் போனால், அதுவே ஒரு கதவைத் திறந்துவைத்த மாதிரிதான்!